அளந்த கை

பூட்ஸைப் பெரிதாக்கப் பெரிதாக்க ஃபிதென்சியோவின் விரல்கள் அதிகமாக வலித்தன. டென்ச்சாவுக்குப் பிடிபடாத விஷயம் இதுதான்.

முதல் தடவை போட்டுக்கொண்டு போனவர் கொஞ்ச நாளில் வந்து, பெருவிரல் முன்னால் போய் முட்டுகிறது என்றார். சரி, நீளம் போதவில்லை என்று, பூட்ஸ் செய்கிற பாத வடிவ மரக்கட்டையின் முனையில் ஒரு துண்டுத் தோலை ஒட்டி நீட்டி, முன்பாகத்தைப் புதிதாக வெட்டிக் கட்டிக் கொடுத்தாள். அதற்கும் வந்தார். இன்னும் கொஞ்சம் நீட்டினாள். இப்போது மூன்றாவது முறையாக, மாட்டு ஏலக் கொட்டகையிலிருந்து நேராக, ரப்பர் செருப்புக் காலோடு, பூட்ஸைக் கையில் தூக்கிக்கொண்டு கடைக்குள் வந்து நின்று, 'தோன்யா' என்று மரியாதை போட்டுக் கூப்பிட்டார்.

"தோன்யா டென்ச்சா, கோவிச்சுக்காதீங்க. மொதல்ல பெருவிரல் மட்டுந்தான் அழுதுச்சு. இப்ப அஞ்சும் சேந்து பாட்டே பாடுது."

"எங்க முட்டுது?"

"நுனியில. சமதரையில நடந்தா ஒண்ணும் தெரியல. லாரியில மாடு ஏத்துற சரிவுல எறங்குறேன் பாருங்க, அப்பத்தான் உயிர் போகுது. மாடெல்லாம் என்னையப் பாத்துச் சிரிக்குது."

மூலையில் நாற்காலியில் உட்கார்ந்திருந்த அவள் கணவன் எலிசேயோ நிமிராமலே சொன்னான். "வயசானா மூக்கும் காதும் வளருமாம். ஒனக்கு விரல் வளருதோ என்னமோ."

"தோன் எலிசேயோ, எங்கப்பாவ உங்க பூட்ஸோடதான் பொதைச்சோம். ஒரு தடவகூட எந்திரிச்சு வந்து வலிக்குதுன்னு சொல்லல." ஃபிதென்சியோ பூட்ஸை மேசைமேல் வைத்தார். "ஈஸ்டர் முடிஞ்ச சனிக்கிழம என் மக யாதிராவுக்குப் பதினஞ்சு நெறையுது. முட்டி போட்டு அவ தட்டச் செருப்பக் கழட்டி, குதி வெச்ச செருப்ப மாட்டிவிட்டு, ஊர் முன்னால மொத ஆட்டம் ஆடணும். நான் நொண்டிக்கிட்டு ஆடினா அவ ஜென்மத்துக்கும் என்கூடப் பேசமாட்டா."

"நொண்ட மாட்டீங்க, போங்க" என்றாள் டென்ச்சா. எந்த நம்பிக்கையில் சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை.

அவர் போன பிறகு வாசல் கம்பிக் கதவு படபடவென்று அடித்துக்கொண்டது. வளைகுடாவிலிருந்து ஈரக்காற்று. இந்தக் காற்றில் தோல் காய ஒரு நாள் கூடுதலாக ஆகும். ஆரஞ்சுத் தோப்புகள் பூத்திருந்தன. ஆற்றோரம் வரைக்கும் அந்த வாசனைதான், பசையின் நெடியையும் மீறி.

அந்தக் கடையில் இருபது வருடத்துக்கு மேல் டென்ச்சாவின் வேலை குழல் தைப்பது. பூட்ஸில் கணுக்காலுக்கு மேலே முழங்கால் நோக்கி எழும்புகிறதே, அந்தப் பாகம். அதில் வரிவரியாக, ஒன்றுக்குள் ஒன்றாக, வண்ண நூலில் தையல் ஓட வேண்டும். தீக்கொழுந்து, புறா, ரோஜா, யாருக்கு என்ன பிடிக்குமோ அது. கல்யாணத்துக்கு முன்பு அவள் பெண்களுக்கு கவுன் தைத்துக்கொண்டிருந்தாள். அந்தக் கை தோலுக்கு வந்தது. கணுக்காலுக்குக் கீழே இருப்பதெல்லாம் எலிசேயோவின் ராஜ்யம். அளப்பது, கட்டையைத் தயார் செய்வது, தோலை இழுத்துக் கட்டுவது, அடி தைப்பது, குதி அடுக்குவது.

போன வருடம் இதே பூ வாசனை நேரத்தில்தான் அவன் வலது கையில் நடுக்கம் தொடங்கியது. முதலில் காப்பி சிந்தியது. பிறகு குத்தூசி விரலில் ஏறியது. மாத்திரை சாப்பிட்டால் மெதுவாகும், நிற்காது என்று கிளினிக்கில் சொன்னார்கள். வீட்டுக்கு வந்து சாப்பிட்டு முடித்ததும் டென்ச்சா அவனுடைய தோல் ஏப்ரனை எடுத்துத் தன் கழுத்தில் மாட்டிக்கொண்டாள். பின்னால் கட்டும் கயிறு அவளுக்கு எட்டவில்லை. அதை அவன்தான், நடுங்கும் கையோடு, ரொம்ப நேரம் எடுத்துக் கட்டிவிட்டான்.

தோலை நனைத்துக் கட்டையின் மேல் போர்த்தி, ஓரத்தைக் குறடால் கவ்வி இழுத்து, அடியில் ஆணி வைத்து நிறுத்த வேண்டும். முதலில் மூக்கு, அதாவது பூட்ஸின் முனை. பிறகு இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று. ஒரு பக்கத்தை முழுக்க முடித்துவிட்டு மறுபக்கம் போனால் பூட்ஸ் கோணிக்கொண்டு கதவைப் பார்க்கும். அவளுடைய முதல் ஜோடி கதவைப் பார்த்தது.

"கையால இழுக்காத டென்ச்சா, இடுப்பால இழு" என்பான் அவன் நாற்காலியிலிருந்து.

"இடுப்பால இழுத்துத்தான் நாலு பெத்தேன். நீ சொல்லிக் குடுக்க வேணாம்."

அடி தைப்பதில் அவளுக்குச் சந்தோஷம் இருந்தது. வளைந்த குத்தூசியால் துளை போட்டு, மெழுகேற்றிய ஒரே நூலின் இரண்டு முனைகளையும் எதிரெதிராக அதே துளைக்குள் விட்டு, இரண்டு கையையும் சிறகு மாதிரி விரித்து இழுக்க வேண்டும். தோல் 'கிர்ர்' என்று ஒரு சத்தம் கொடுக்கும். சத்தம் வந்தால் தையல் உட்கார்ந்துவிட்டது. வராவிட்டால் உட்காரவில்லை. யாரையும் கேட்க வேண்டியதில்லை, தோலே சொல்லிவிடும். அதேபோல, உள்ளங்காலின் வளைவுக்கு இரும்பு ஆணி கூடாது, மர ஆணிதான். இரும்பு ஈரத்தில் துருவேறித் தோலைத் தின்னும். மரமோ தோல் ஊறும்போது தானும் ஊறி, தோல் சுருங்கும்போது தானும் சுருங்கும். நல்ல சம்பந்தம் மாதிரி.

கோடை முடிவதற்குள் அவளுக்கு எல்லாம் வந்துவிட்டது. அளவெடுப்பதும் அவள்தான். நடுங்குகிற கையில் டேப்பு நிற்காதே. ஒரே ஒரு வேலையை மட்டும் எலிசேயோ கொடுக்கவில்லை. கட்டைகள்.

கட்டை என்றால் பாதத்தின் வடிவில் கடைந்த மரம். வாங்கி வரும்போது அது யாருடைய பாதமும் இல்லை. அளவைப் பார்த்து அதன்மேல் துண்டு துண்டாகத் தோல் ஒட்டி, அரத்தால் ராவி, ஒருவருடைய எலும்பு முண்டு, இன்னொருவருடைய பருத்த மேல்பாதம் என்று உண்டாக்க வேண்டும். ஒட்டுவதையும் ராவுவதையும் மெதுவாகச் செய்யலாம், தப்பினால் மறுபடி செய்யலாம். ஆகவே நடுக்கம் அங்கே பெரிய எதிரி இல்லை. காலையில் மாத்திரை வேலை செய்கிற நேரமாகப் பார்த்து, முழங்காலுக்கிடையில் கட்டையை இடுக்கிக்கொண்டு ராவுவான். உத்தரத்தில் ஜோடி ஜோடியாக ஊர்க்காரர்களின் பாதங்கள் தொங்கும். செத்தவர்களுடையதையும் கழற்றுவதில்லை. "பேரன் வருவான், அதே பாதத்தோட" என்பான்.

புதிய ஜோடிகள் திரும்பி வரத் தொடங்கியபோது எலிசேயோவின் தம்பி ராமிரோவுக்குச் செய்தி போய்விட்டது. பக்கத்து நகரமான மெக்காலனில் அவனுக்குப் பெரிய பூட்ஸ் பட்டறை. ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூமியில் புதைத்து வேகவைத்த மாட்டுத்தலைக் கறியை இலைச்சுருட்டோடு கொண்டுவந்தான். டோர்ட்டியா ரொட்டியில் கறியை வைத்துக்கொண்டே பேச்சை எடுத்தான்.

"அண்ணே, கட்டையெல்லாம் எங்கிட்ட குடுத்துரு. ஒன் ஆளுங்க என் பட்டறைக்கு வரட்டும். அண்ணியும் சும்மா இருக்க வேணாம். குழலுக்குத் தோல் அனுப்பி வெக்கிறேன், வீட்ல உக்காந்து தச்சுத் தரட்டும். அவங்க தையல் மாதிரி எவனுக்கும் வராது."

"அடிவேலையும் தெரியும் எனக்கு" என்றாள் டென்ச்சா.

"தெரியும் அண்ணி. ஆனா பூட்ஸ் திரும்பி வருதே?"

அவள் மிளகாய்ச் சட்னிக் கிண்ணத்தை அவன் பக்கம் கொஞ்சம் வேகமாகத் தள்ளினாள்.

எலிசேயோ வாயிலிருந்ததை விழுங்கிவிட்டுச் சொன்னான். "ஃபிதென்சியோ மக விழாவுக்கு நீயும்தான வர்ற. பிக்கப் வண்டியிலயே வா. அவன் நல்லா ஆடினா வந்த வண்டி சும்மா போகும். நொண்டினா, கட்டைய ஏத்திக்க."

இதை அவளைக் கேட்டுச் சொல்லவில்லை. ராமிரோ போன பிறகு அவள் கேட்டாள்.

"என்னைய விட்டுட்டு ஏலம் போட்டியா?"

"ஊரோட பாதம் டென்ச்சா அது. வலிக்கிற பூட்ஸப் போட்டுக்கிட்டு எம்பேரச் சொல்லி ஊர் நொண்டக் கூடாது."

கட்டைகள் போய்விட்டால் அவள் மறுபடி கணுக்காலுக்கு மேலே மட்டும். அந்தக் 'கிர்ர்' சத்தம் இனி இல்லை. அதை நினைத்தபோதுதான் அது தனக்கு எவ்வளவு வேண்டியிருக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தது.

அந்த வாரமே, ஃபிதென்சியோ விட்டுப்போன ஜோடியை அவள் வெளிச்சத்தில் பிடித்து உள்ளே பார்த்தாள். முனையில் ஒன்றும் தெரியவில்லை. குழலுக்குள் முழங்கைவரை விட்டுத் தடவினாள். பிறகு குறடை எடுத்து அடித்தோலையே பிரித்தாள். உள்ளே பாதம் படுகிற உள்ளடியைக் கழற்றி ஜன்னலோரம் வைத்தாள்.

போட்டு நடந்த உள்ளடியில் பாதம் தன் படத்தைத் தானே வரைந்துவிடும். வியர்வையும் அழுத்தமும் படிந்து கறுப்பாக. குதிங்காலின் வட்டம் உள்ளடியின் பின்விளிம்போடு ஒட்டி இருக்க வேண்டும். இங்கே அது விரல் அகலம் முன்னால் நகர்ந்து கிடந்தது. பின்னால் பிறை மாதிரி ஒரு துண்டு, கால் படாமல், புதுத்தோலாகவே இருந்தது.

"இங்க வா" என்று எலிசேயோவைக் கூப்பிட்டாள். "பூட்ஸ் சின்னது இல்ல. தொளதொளன்னு இருக்கு."

அவன் குனிந்து பார்த்தான். அவனுக்கு உடனே புரிந்தது. நமக்கும் புரிந்துகொள்ளக் கஷ்டமில்லை. இந்த பூட்ஸுக்கு நாடா கிடையாது, கொக்கி கிடையாது. குதி உயரம், ஆகவே பாதம் எப்போதும் ஒரு சரிவில் நிற்கிறது. முன்னால் வழுக்காமல் அதைப் பிடித்து நிறுத்துவது ஒன்றே ஒன்றுதான், மேல்பாதத்தின் மேட்டில் இறுக்கிப் படிகிற தோல். அந்தப் பிடி தளர்ந்தால் ஒவ்வோர் அடிக்கும் பாதம் சறுக்கிப் போய் முனையில் இடிக்கும். முனையை நீட்டினால் சறுக்க இன்னும் இடம் கிடைக்கும், இன்னும் வேகமாக இடிக்கும். இவ்வளவு நாளும் அவள் சறுக்குமரத்தை நீளமாக்கிக்கொண்டிருந்தாள்.

"மேல்பாதம் பிடிக்கல" என்றான் எலிசேயோ. "நீ இழுத்துக் கட்டுனது பத்தல."

"பத்தாம என்ன? கட்டையோட ஒட்டித்தான இழுத்தேன். தோலுக்கும் கட்டைக்கும் நடுவுல காத்துகூடப் போகாது. கட்டையே பெருசு."

"கட்டையில தப்பில்ல. நீ சொன்ன எண்ணுக்கு ஒரு மயிரிழ கூடல, கொறையல. வேணும்னா டேப்பு வெச்சுப் பாரு."

வைத்துப் பார்த்தாள். அவன் சொன்னது சரி.

"எண்ணுலயும் தப்பில்ல" என்றாள்.

"அப்ப ஃபிதென்சியோ காலுதான் பொய் சொல்லுது."

டென்ச்சா டேப்பைச் சுருட்டி வைத்தாள். ரேடியோ அக்கார்டியன் வாசித்துக்கொண்டிருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. தவக்காலத்தில் வெள்ளிக்கு இறைச்சி இல்லை. வேலியோரத்துச் சப்பாத்திக்கள்ளியின் இளந்துண்டுகளை முள் சீவி, நறுக்கி, முட்டையோடு வதக்கிக்கொண்டிருந்தாள். கடை வாசலில் வண்டிச் சத்தம். பண்ணைக்கார ஓடிலியா அம்மாள் தன் புது ஜோடியை வாங்க வந்திருந்தாள். நின்றபடியே காலை உள்ளே விட்டாள். உள்ளே போகும்போது 'டொப்' என்று ஒரு சத்தம். பாட்டிலில் தக்கை உட்காருகிற மாதிரி. டக்டக்கென்று இரண்டு சுற்று நடந்தாள்.

"தோன் எலிசேயோ கட்டுன மாதிரியே இருக்குடி" என்று டென்ச்சாவின் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனாள்.

கரண்டியைப் பிடித்தபடியே டென்ச்சா கடை நடுவில் நின்றாள். கள்ளி அடிப்பிடிக்கிற வாசனை வந்தது. அவள் நகரவில்லை.

"எலிசேயோ. ஓடிலியாம்மா கட்டைய எப்ப செஞ்ச?"

"அதுவா? நம்ம மூத்தவ பொறக்கறதுக்கு முன்னாடி."

"போன மாசம் குதிரைக்காரனுக்குக் கட்டுனேனே, அது?"

"அதுவும் பழசுதான். ஏன்?"

"பழைய ஆளு ஒருத்தர்கூடத் திரும்பி வரல. திரும்பி வர்றதெல்லாம் புது ஆளு. ரெண்டையும் இழுத்துக் கட்டுனது நான்தான். தச்சது நான்தான். கட்டைய ராவுனது நீதான். ஒண்ணே ஒண்ணுதான் வேற. பழசுக்கு அளந்தது நீ. புதுசுக்கு நான்."

எலிசேயோ அவளை ஏறிட்டுப் பார்த்தான். பிறகு தன் பூட்ஸைக் கழற்றி, சாக்ஸ் காலை முக்காலிமேல் வைத்தான்.

"அள."

அவள் டேப்பை எடுத்து மேல்பாதத்தைச் சுற்றி வைத்து, எண்ணைச் சொன்னாள். எலிசேயோ தன் இடதுகை ஆள்காட்டி விரலை டேப்புக்கு அடியில் விட்டான். விரல் தாராளமாகப் போனது.

"இது அளவா? கொழந்தைக்கு ஸ்வெட்டர் பின்னப் போறியா?"

"கவுனுக்கு இப்பிடித்தான் அளக்கறது. இழுத்து அளந்தா போட்டவ மூச்சு விட முடியாது."

"கால் எதுக்கு மூச்சு விடணும்? எலும்பு தட்டுப்படற வரைக்கும் இழுக்கணும். சதை விட்டுக் குடுக்கும்ல, அது வரைக்கும்."

இத்தனை வருடத்தில் இதை அவன் அவளுக்குச் சொன்னதே இல்லை. சொல்ல வேண்டும் என்று அவனுக்குத் தோன்றியதும் இல்லை. டேப்பைப் பிடிக்க அவளுக்குத் தெரியும், அவன் பார்த்திருக்கிறான். அதற்கு மேல் அதில் என்ன இருக்கிறது என்று நினைத்துவிட்டான்.

தப்பு கண்டுபிடிபட்டது, இனி இழுத்து அளந்தால் போதும் என்று இருவருமே நினைத்தார்கள். அவ்வளவு சுலபமாக இல்லை. டென்ச்சா இழுத்து அளந்தாள். காலையில் ஓர் எண் வந்தது. காப்பி குடித்துவிட்டு அதே காலை அளந்தபோது வேறு எண். மூன்றாவது தடவை, எலிசேயோ "ஆத்தாடி, காலு!" என்று கத்தினான். எவ்வளவு இழுப்பது என்பதற்கு அவள் கையில் ஒரு நிறுத்தம் இல்லை. அவளுடைய பழைய வழியில் மென்மையாக வைத்து அளந்தாலோ, எத்தனை தடவை வைத்தாலும் அதே எண், இம்மி பிசகவில்லை.

"சரி, அப்ப நீ ஒன் வழியிலயே அள" என்றான் அவன். "நான் எல்லாருக்கும் ஒரே மாதிரி கொஞ்சம் கொறச்சு ஒட்டிக்கிறேன்."

அவள் யோசித்தாள். விரல்களைத் தேய்த்துக்கொண்டாள், மாவு ஒட்டியிருப்பதைப் போல.

"அது ஆகாது. ஃபிதென்சியோ காலு வத்தல். டேப்புக்கு அடியில ஒடனே எலும்பு. அங்க ஒரு துணுக்குதான் கொறைக்கணும். ஏலக்கார குண்டன் வந்தானே, அவன் காலு பன்னு மாதிரி. அழுத்துனா உள்ள போய்க்கிட்டே இருக்கும். அங்க நெறைய கொறைக்கணும். எண்ணு அதச் சொல்லாது."

"பின்ன எது சொல்லும்?"

"அளந்தப்ப தொட்ட கை."

எலிசேயோவுக்கும் அது தெரியும். அவனுடைய காலத்தில் அளந்த கையும் அவனுடையது, ராவிய கையும் அவனுடையது. ஆகவே எண்ணில் வராத சமாச்சாரமெல்லாம் டேப்பிலிருந்து கட்டைக்கு, யாரும் கவனிக்காமல், அவனுக்குள்ளேயே போய்ச் சேர்ந்தது. இப்போது நடுவில் ஆள் மாறுகிறது. எண் மட்டும் கைமாறுகிறது.

அவன் எழுந்து ஜன்னலோரம் போய்க் கொஞ்ச நேரம் நின்றான். தந்திக் கம்பியில் கருங்குருவிகள் அடைந்து இரைந்துகொண்டிருந்தன. பிறகு வந்து, தன் மேசை இழுப்பறையைத் திறந்து அரத்தை எடுத்தான். பிடி அவன் உள்ளங்கையின் வடிவுக்குத் தேய்ந்திருந்தது. சட்டையில் அதைத் துடைத்து அவளிடம் நீட்டினான். கை நடுங்கியது. நடுங்குகிற வரைக்கும் நடுங்கட்டும் என்று அவள் காத்திருந்து வாங்கிக்கொண்டாள்.

"பிடி ஒனக்குப் பெருசா இருக்கும்" என்றான்.

"துணி சுத்திக்கிறேன்."

"நான் என்ன செய்யட்டும் இனிமே?"

"தோல் நனைக்க ஆளில்ல. முன்தோல வளைவுப் பலகையில இழுத்து மாட்டணும், அதுக்குப் பெரிய கை வேணும், நடுங்குனா பரவால்ல. நூலுக்கு மெழுகு போடணும். நாள் பூரா நாக்கு வேலைதான செஞ்ச இத்தன மாசமா?"

அவன் சிரித்துவிட்டான்.

ஃபிதென்சியோவை வரச்சொல்லி இன்னொரு முறை அளந்தாள். இந்தத் தடவை எண்ணைப் பார்த்த பிறகும் டேப்பை எடுத்துவிட்டு, இரண்டு கட்டைவிரலாலும் மேல்பாதத்தை அங்கங்கே அழுத்திப் பார்த்தாள்.

"கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கற மாதிரி பாக்கறீங்களே" என்றார் அவர் கூச்சத்தோடு.

"பொண்ணா இருந்தா வேணாம்னு சொல்லியிருப்பேன். வெறும் எலும்பு."

அவர் போனதும் கட்டையை முழங்காலுக்கிடையில் இடுக்கிக்கொண்டு உட்கார்ந்தாள். மேட்டின் மேல் எலிசேயோ ஒட்டியிருந்த மேல் துண்டைச் சூடுகாட்டி உரித்தாள். அடியிலிருந்ததை ராவினாள், கண்ணை மூடித் தடவினாள், ராவினாள். தான் ஒட்டிய மூக்கு நீட்டல்களையும் பிடுங்கி எறிந்தாள். கை 'போதும்' என்று சொன்ன இடத்தில் நிறுத்தினாள். எலிசேயோ வாளியில் முன்தோலை நனைத்து வைத்திருந்தான். அதே குழல், அதே முன்தோல், கட்டை மட்டும் மெலிந்தது. இழுத்தபோது அடியில் தோல் மிச்சம் வந்தது. அதை வெட்டிப்போட்டுத் தைத்தாள். 'கிர்ர்' என்றது. எலிசேயோ மெழுகு உருண்டையைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டான்.

ஈஸ்டருக்கு முந்தின நாள் ஃபிதென்சியோ வந்து காலை விட்டார். 'டொப்.' எழுந்தவர் உட்காரவில்லை. இருவரையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு நேரே ஏலக் கொட்டகைக்குப் போய், மாடு ஏற்றும் சரிவில் மேலே போய்க் கீழே வந்தார். மறுபடி போனார். சாணியும் தூசியுமாகக் கீழே நின்று டென்ச்சா அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவர் மூன்றாவது தடவை இறங்கும்போது, பக்கத்தில் இல்லாத மகளை அணைத்துக்கொண்ட மாதிரி கையை வைத்துக்கொண்டு ஒரு சுற்றுச் சுற்றினார். வேலிக்குள் இருந்த கன்றுகள் மிரண்டன.

அடுத்த வாரச் சனிக்கிழமை மண்டபத்தில் யாதிரா வெள்ளை கவுனில் நடுவில் உட்கார்ந்திருக்க, அவர் முட்டி போட்டு அவள் செருப்பை மாற்றினார். அவள் கையைப் பிடித்து எழுப்பினார். பாட்டு முடிகிறவரை ஆடினார். அடுத்த பாட்டுக்கு மனைவியோடு ஆடினார். அதற்கடுத்ததற்கு, வேண்டாம் வேண்டாம் என்ற டென்ச்சாவை இழுத்துக்கொண்டு போனார்.

ராமிரோ பீன்ஸும் கறியும் நிறைந்த தட்டோடு அண்ணனுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். வெளியே அவனுடைய வண்டி, பின்பக்கம் கழுவி, கயிறும் தார்ப்பாயும் போட்டுத் தயாராக நின்றிருந்தது. ஆடுகிறவரின் காலையே கொஞ்ச நேரம் பார்த்தான்.

"சரி, தோத்துட்டேன். என்னதாண்ணே தப்பு இருந்துச்சு? இழுவையா, தையலா?"

"ரெண்டும் இல்ல" என்றான் எலிசேயோ. தட்டு ஆடாமல் இருக்க அதன்மேல் இடதுகையை வைத்துக்கொண்டான். "டேப்பு பிடிச்சு அளக்கற கையேதான் கட்டைக்கும் தோல் ஒட்டணும். அவ அளந்தா, நான் ஒட்டுனேன். இப்ப ரெண்டையும் அவளே செய்யறா."